சினகாக்கில் அறிஞர் உரை: நாமும் போகலாமா? கேள்வி பதில்

அமெரிக்காவில் பல சினகாக்குகள் வருடத்துக்கு ஒருமுறையாவது வெளியூர் அறிஞர் ஒருவரை அழைத்து, ஒரு வார இறுதி முழுக்கப் பேச வைக்கின்றன. 'ஸ்காலர் இன் ரெசிடென்ஸ்' என்று அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். சினகாக் என்பது யூதர்களின் வழிபாட்டுக்கூடம். தமிழ் பைபிளில் ஜெப ஆலயம். நான் யூதர் அல்ல. பல்கலைக்கழகத்தில் யூதச் சிந்தனை வரலாறு படித்தேன். அதற்கப்புறம் நியூ ஜெர்சியில் இந்த உரைகளைத் தேடிப் போய்க் கேட்டு வருகிறேன். உடன் வேலை செய்பவரோ பக்கத்து வீட்டுக்காரரோ கூப்பிட்டிருக்கிறார், போகலாமா என்று நம்மவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இங்கே.

அக்கா, கும்பிடும் இடத்தில் பேராசிரியருக்கு என்ன வேலை? இது பிரசங்கமா, வகுப்பா? (எடிசனிலிருந்து)

இரண்டும்தான். பெரும்பாலும் இப்படி நடக்கும்: வெள்ளி மாலை வழிபாடு முடிந்து, எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டபின் முதல் உரை. சனி காலை வழிபாட்டின் நடுவே, அந்த வாரத்துக்குரிய தோரா (பைபிளின் முதல் ஐந்து நூல்கள்) பகுதியை வாசித்தபின் சின்னதாக ஒரு பேச்சு. மதியச் சாப்பாட்டோடு இன்னொன்று. சாயங்காலம் சிலர் மட்டும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு நூற்பகுதியைப் படிப்பார்கள். சில இடங்களில் ஞாயிறு காலை பேகலும் காபியுமாக ஒரு பொது உரையும் உண்டு.

வழிபாட்டு இடத்தில் எதற்கு என்ற கேள்விக்கு யூதச் சட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. சினகாக்கைப் படிப்புக்கூடமாக மாற்றலாம். படிப்புக்கூடத்தை சினகாக்காக மாற்றக் கூடாது. புனிதத்தில் மேலே ஏறலாம், கீழே இறங்கக் கூடாது என்பது விதி. அப்படியென்றால் படிக்கும் இடம் தொழும் இடத்தைவிட ஒரு படி மேல். யூதச் சட்ட விவாதங்களைத் தொகுத்த பழைய நூலான தால்முட்டின் காலத்திலேயே பேசி முடித்த விஷயம் இது. படித்து முடித்ததும் சொல்வதற்கென்றே ஒரு பிரார்த்தனையும் உண்டு: ஆசிரியர்களும், அவர்களின் மாணவர்களும், அந்த மாணவர்களின் மாணவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று கேட்பது. அதனால் உரை நிகழ்ச்சி என்பது வழிபாட்டோடு ஒட்டவைத்த கலை நிகழ்ச்சி அல்ல. அவர்களுக்குப் படிப்பதே வழிபாடு. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

யூதர் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா? வாசலில் போலீஸ் நிற்கிறதே, பயமாக இருக்கிறது. (டலாஸிலிருந்து)

விடுவார்கள், பெரும்பாலான இடங்களில் மனதார வரவேற்பார்கள். ஆனால் முன்பே அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "நான் இன்னார், இந்த உரைக்கு வர ஆசை" என்று சொல்லிவிடுங்கள். அடையாள அட்டை எடுத்துப் போங்கள். பெரிய முதுகுப்பை வேண்டாம்.

காவலுக்குக் காரணம் இருக்கிறது. 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, பிட்ஸ்பர்க் சினகாக்கில் ஒருவன் புகுந்து சுட்டதில் வழிபாட்டுக்கு வந்த 11 பேர் இறந்தார்கள். உங்கள் டலாஸுக்குப் பக்கத்திலேயே, கோலிவில் என்ற ஊரில், 2022 ஜனவரியில் ஒருவன் கதவைத் தட்டினான். ஒதுங்க இடம் தேடி வந்தவன் என்று நினைத்து ரப்பி (யூத மதகுரு) அவனை உள்ளே அழைத்து டீ போட்டுக் கொடுத்தார். அவன் துப்பாக்கியை எடுத்து, அவரையும் இன்னும் மூன்று பேரையும் பல மணி நேரம் பிடித்து வைத்திருந்தான். இதற்குப் பிறகும் அந்நியர்களுக்குக் கதவைத் திறந்து வைக்கிறார்கள் என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். வாசலில் இரண்டு கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். "நீங்கள் யார், எப்படித் தெரிந்து வந்தீர்கள்" என்பது உங்கள் நிறத்தைப் பார்த்துக் கேட்பதாகத் தோன்றலாம். பெரும்பாலும் அது எல்லாப் புதுமுகத்துக்கும் கேட்கும் கேள்விதான்.

உடை, செருப்பு, தலை மூடுவது, செல்போன்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அலுவலகத்துக்குப் போவதுபோல உடுத்துங்கள். புடவை, சுரிதார் தாராளமாக. செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆண்கள் தலையில் வைக்கும் சிறிய தொப்பி, கிப்பா, வாசலில் ஒரு பெட்டியில் இருக்கும். எடுத்து வைத்துக்கொள்ளலாம், அது மரியாதை. பக்கத்தில் தொங்கும் குஞ்சம் வைத்த சால்வையை மட்டும் எடுக்காதீர்கள். அது யூதர்களுக்கு மட்டும் உரியது. பழைய விதிகளை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் சினகாக்கில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காருவார்கள். சனிக்கிழமை செல்போனை அணைத்து உள்ளே வையுங்கள், படம் எடுக்கவே வேண்டாம். வீட்டிலிருந்து பலகாரம் கொண்டு போகாதீர்கள். அன்பாகத்தான் கொண்டு போவோம். ஆனால் அவர்களின் உணவு விதிப்படி அதைப் பரிமாற முடியாமல் அவர்கள்தான் தர்மசங்கடப்படுவார்கள்.

குறிப்பு எடுக்கக் கூடாது என்று சொன்னார்களாம். பிறகு என்ன உரை அது? (சான் ஹோசேயிலிருந்து ஒரு ஆசிரியை)

வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை ஷபாத், ஓய்வுநாள். அன்று விலக்க வேண்டிய 39 வகை வேலைகளில் எழுதுவதும் ஒன்று. விதிகளில் நெகிழ்வான ரிஃபார்ம் பிரிவில் இதைப் பொதுவாகக் கட்டாயமாக்குவதில்லை. மைக், திரை எல்லாம் இருக்கும். இடைப்பட்ட கன்சர்வேட்டிவ் பிரிவிலும் ஆர்த்தடாக்ஸிலும் எழுத மாட்டார்கள். ஆர்த்தடாக்ஸில் மைக்கும் கிடையாது.

ஆசிரியை என்பதால் உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்: திரை இல்லை என்பதால் அறிஞர் ஒரு தாள் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுப்பார். 'சோர்ஸ் ஷீட்' என்பார்கள், மூலத்தாள். ஒரு பக்கம் எபிரேயமோ அரமேயமோ, எதிரே ஆங்கிலம். மேலே தோரா வசனம். அதன்கீழ் தால்முட் பகுதி. அதன்கீழ் 11ஆம் நூற்றாண்டு பிரான்ஸின் ராஷி என்ன உரை எழுதினார். 12ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானி மைமோனிடிஸ் என்ன சொன்னார். கடைசியில் ஒருவேளை நம் காலத்துக் கவிஞர் ஒருவர். பேச்சாளர் சொல்வது மூலத்தில் இருக்கிறதா என்று கேட்பவர் அங்கேயே விரல் வைத்துப் பார்க்கலாம். "மூன்றாவது வரியில் நீங்கள் சொல்வதுபோல் இல்லையே" என்று எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்து சொல்வதும், பேராசிரியர் நின்று திரும்ப வாசிப்பதும் சாதாரணமாக நடக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்த உரைகளில் அடிக்கடி வரும் தால்முட் கதை, பாவா மெட்சியா என்ற பகுதியில் இருக்கிறது. துண்டு துண்டாக வெட்டி இடையில் மணல் வைத்துச் செய்த ஓர் அடுப்பு. அதற்குத் தீட்டு உண்டா, இல்லையா? ரப்பி எலியேசர் மட்டும் இல்லை என்கிறார். மற்ற எல்லோரும் உண்டு என்கிறார்கள். எலியேசர் எத்தனையோ வாதம் வைத்தும் யாரும் ஏற்கவில்லை. "நான் சொல்வது சரியென்றால் இந்த மரம் நிரூபிக்கட்டும்" என்கிறார். மரம் பிடுங்கிக்கொண்டு தூரப் போய் விழுகிறது. மரம் சாட்சி ஆகாது என்கிறார்கள். ஓடை பின்னோக்கி ஓடுகிறது. அதுவும் ஆகாது. படிப்புக்கூடத்தின் சுவர்கள் சாய்கின்றன. "அறிஞர்கள் வாதாடும்போது உங்களுக்கு என்ன வேலை?" என்று ரப்பி யெஹோஷுவா சுவர்களை அதட்டுகிறார். கடைசியில் வானத்திலிருந்தே குரல் வருகிறது: எலியேசர் சொல்வதே சரி. யெஹோஷுவா எழுந்து நின்று, தோரா வானத்தில் இல்லை, அது மனிதர் கைக்கு வந்துவிட்டது, இனிப் பெரும்பான்மைதான் முடிவு செய்யும் என்கிறார். கடவுள் சிரித்து, "என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள்" என்றாராம்.

பலர் கதையை இங்கே நிறுத்திக் கைதட்டு வாங்கிவிடுவார்கள். நல்ல அறிஞர் தாளின் பின்பக்கத்தைத் திருப்பச் சொல்வார். வென்றவர்கள் எலியேசரைச் சமூகத்திலிருந்து விலக்கி வைக்கிறார்கள். அவர் தூய்மை என்று தீர்ப்புச் சொன்ன பொருள்களை எல்லாம் கொண்டுவந்து எரிக்கிறார்கள். செய்தியை யார் சொல்வது? தகாத ஒருவர் போய்ச் சொன்னால் அவர் மனம் உடைந்து உலகமே அழியும் என்று ரப்பி அகிவா தானே கறுப்பு உடுத்திப் போய், தள்ளி உட்கார்ந்து, மெதுவாகச் சொல்கிறார். எலியேசர் அழுகிறார், ஊரில் விளைச்சல் பொசுங்குகிறது. விலக்கி வைத்த சபையின் தலைவர் கம்லியேல், எலியேசரின் மைத்துனர். தன் கணவர் மனம் நொந்து பிரார்த்தித்தால் தன் அண்ணன் உயிர் போய்விடும் என்று பயந்து எலியேசரின் மனைவி அவரைக் காத்தே வருகிறாள். ஒருநாள் கண் தப்புகிறது. கம்லியேல் இறக்கிறார். தால்முட் இந்தக் கதையை வைத்திருப்பது சொல்லால் ஒருவரை நோகடிப்பது பற்றிய பகுதியில். பெரும்பான்மை சட்டப்படி சரி. ஆனாலும் ஒரு மனிதனை அப்படி நடத்தியிருக்கலாமா? இரண்டையும் அந்த நூல் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறது. மூலம் கையில் இருந்ததால்தான் பின்பாதி நமக்குத் தெரிகிறது.

அவர்களுக்கு ரப்பி இருக்கிறாரே, வெளியாள் எதற்கு?

பழைய வழக்கம். ரப்பி முன்பு வாராவாரம் பிரசங்கம் செய்பவர் அல்ல. முக்கியமாகச் சட்டம் சொல்பவர். கிழக்கு ஐரோப்பாவில் பல ஊர் ரப்பிகள் வருடத்தில் இரண்டு ஓய்வுநாள்களில்தான் பெரிய பிரசங்கம் செய்வார்கள்: பாஸ்கா பண்டிகைக்கு முன்னும், பாவ மன்னிப்பு நாளுக்கு முன்னும். மற்ற நேரத்தில் ஊர் ஊராகப் போகும் 'மகிட்' என்ற கதைசொல்லி வந்து பேசுவார். 18ஆம் நூற்றாண்டில் தூப்னோ ஊர் மகிட், யாக்கோப் கிரான்ஸ், உவமைக் கதைகளுக்கே பேர்போனவர்.

அப்புறம் ஜெர்மனி. 1823இல் பிரஷ்ய அரசு சினகாக்கில் ஜெர்மன் மொழிப் பிரசங்கம் உள்ளிட்ட புதுமைகளைத் தடை செய்தது. யூத அறிஞர் லியோபோல்ட் ஸுன்ஸ் 1832இல் ஒரு பெரிய ஆய்வு நூல் வெளியிட்டு, கேட்பவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் சொல்வது யூதர்களிடம் பழங்காலம் முதலே இருந்தது என்று சான்றுகளோடு காட்டினார். நவீன யூதவியல் ஆய்வுக்கே அது ஒரு தொடக்கம்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானவர் ஜெர்மன் யூதத் தத்துவஞானி ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக். 1913இல் கிறிஸ்தவராகிவிடுவது என்ற முடிவு வரை போய், திரும்பி வந்தவர். 1920இல் ஃப்ராங்ஃபர்ட்டில் சுதந்திர யூதக் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். எல்லாம் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது என்ற முறை அங்கே இல்லை. மருத்துவரும் வேதியியலாளரும், தங்கள் மரபை விட்டு விலகிப் போய்விட்டவர்களும், வெளியிலிருந்து உள்ளே படித்துக்கொண்டு வந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களிலும் பலர் அப்படித்தான். தத்துவஞானி மார்ட்டின் பூபர், யூத மறைஞான ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் அங்கே பாடம் நடத்தியிருக்கிறார்கள். 1922இல் ரோசன்ஸ்வைக்குக்கு ஏ.எல்.எஸ். என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் வந்து, கையும் பேச்சும் போயிற்று. 1929இல் இறக்கும்வரை மனைவியின் உதவியோடு எழுத்து எழுத்தாகச் சுட்டிக்காட்டியே எழுதினார், பூபரோடு சேர்ந்து பைபிளை மொழிபெயர்த்தார். ஹிட்லர் வந்தபின், 1933இல், பூபர் அந்தக் கல்விக்கூடத்தை மறுபடி திறந்தார். வேலையும் குடியுரிமையும் பறிபோய்க்கொண்டிருந்த காலத்தில் ஜனங்கள் மாலையில் போய்ப் படித்தார்கள். இன்று அமெரிக்க சினகாக்கில் ஒரு கணக்காளரும் பல் மருத்துவரும் சனிக்கிழமை சாயங்காலம் தால்முட் வரிக்குத் தலையை உடைத்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஃப்ராங்ஃபர்ட்தான் நினைவுக்கு வரும்.

என்னென்ன தலைப்பில் பேசுவார்கள்? (டொராண்டோவிலிருந்து)

மைமோனிடிஸின் தத்துவம், கபாலா என்ற யூத மறைஞானம், ஸ்பெயினிலிருந்து 1492இல் துரத்தப்பட்டவர்கள், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷின் இலக்கியம், நாஜிப் படுகொலை, மருத்துவ அறம், பைபிள் பெண்கள் என்று எதுவும் வரும். 1965இல் செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்த ரப்பி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் பற்றி உரை இல்லாத வருடமே இருக்காது போலிருக்கிறது. 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் சபித்து விலக்கிய தத்துவஞானி ஸ்பினோசா பற்றி சினகாக்குக்குள்ளேயே உட்கார்ந்து கேட்கலாம். அவரை விலக்கியபோது அவருக்கு வயது 23.

இந்தியாவைப் பற்றி ஏதாவது பேசுவார்களா, அக்கா? (சிங்கப்பூரிலிருந்து)

பேசுவார்கள், அன்றைக்குக் கட்டாயம் போங்கள். கெய்ரோவில் பென் எஸ்ரா சினகாக்கில் ஓர் அறை. கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்பதால் பழைய தாள்களை அங்கே போட்டு வைத்தார்கள். நாளடைவில் கடைக்கணக்கு, கடிதம், கல்யாண ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்துபோனது. 1896-97இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் அதில் பெரும்பகுதியை, 1,90,000க்கும் மேற்பட்ட துண்டுகளை, கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு போனார். அந்தத் தாள்களில் இந்தியப் பெருங்கடல் வாணிபம் அப்படியே கிடக்கிறது. துனிசியாவிலிருந்து வந்த ஆபிரகாம் பென் யிஜு 12ஆம் நூற்றாண்டில் பல வருடங்கள் மங்களூரில் தங்கி, வெண்கலப் பாத்திரப் பட்டறை நடத்தினார். அஷு என்ற அடிமைப் பெண்ணை 1132இல் அவர் விடுவித்த பத்திரம் கிடைத்திருக்கிறது. மைமோனிடிஸைப் படிக்க வைத்துக் குடும்பத்தைத் தாங்கிய தம்பி டேவிட் இந்தியக் கடலில் கப்பல் மூழ்கித்தான் இறந்தார். அந்தத் துக்கத்தில் மைமோனிடிஸ் ஒரு வருடம் படுக்கையில் கிடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். டேவிட் கிளம்பும்முன் எழுதிய கடிதமும் அந்தக் குவியலில் இருக்கிறது.

கொச்சி பற்றி உரை என்றால் நமக்கு இன்னும் நெருக்கம். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு உரிமைகள் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம் என்று அந்தப் பட்டியலை ஒரு தமிழ் வாசகர் அகராதி அதிகம் புரட்டாமல் படித்துவிடலாம். அந்த அறையில் இதை உங்களால் உரக்க வாசிக்க முடியும் என்றால், கேள்வி நேரத்தில் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

இஸ்ரேல் அரசியல் வந்தால் என்ன செய்வது?

வரும். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகும், காசா போரின்போதும் ஒவ்வொரு சபையிலும் துக்கமும் கோபமும் கருத்து வேறுபாடும் கலந்தே இருக்கின்றன. குடும்பங்களுக்குள்ளேயே பிளவு உண்டு. உங்கள் கருத்து எதுவானாலும், முதல் வருகைக்கு அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நூல் சார்ந்த உரைக்குப் போய், மனிதர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பேசுவது எளிது.

கேள்வி கேட்கலாமா? எதிர்த்துப் பேசினால் மரியாதைக் குறைவா?

கேட்காவிட்டால்தான் குறை. தால்முட்டில் ஒரு கதை: ரப்பி யோகனானின் படிப்புத் துணை ரேஷ் லாகிஷ் இறந்தபோது, ஆறுதலுக்கு இன்னொரு நல்ல அறிஞரை அனுப்பினார்கள். யோகனான் என்ன சொன்னாலும் அவர், "ஆமாம், இதற்கு ஆதாரம்கூட இருக்கிறது" என்றார். "ரேஷ் லாகிஷ் நான் சொல்வதற்கு 24 ஆட்சேபணை எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், விஷயம் விரியும். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா?" என்று யோகனான் அழுதார். தால்முட் படிப்பு இன்றும் இரண்டு இரண்டு பேராகத்தான்.

ஆனால் ஒரே கேள்வி, ஒரே நிமிடம். நம்மவர்கள் பலர் எழுந்ததும் "எங்கள் வேதத்திலும் இதே இருக்கிறது" என்று தொடங்கிச் சொற்பொழிவு செய்துவிடுகிறோம். ஒப்பீடு சாப்பாட்டு மேஜையில் நன்றாக இருக்கும். கேள்வி நேரத்தில் தாளில் உள்ள வரியைப் பற்றிக் கேளுங்கள்.

கட்டணம் எவ்வளவு?

பல உரைகள் இலவசம். ஒரு குடும்பம் இறந்துபோன அப்பா அல்லது அம்மா பெயரில் நிதி வைத்து, அதில் வருடாவருடம் உரை நடக்கும். அதனால் தொடக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லும்போது பேசிக்கொண்டிருக்காதீர்கள், பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள். சாப்பாட்டுக்குக் கட்டணம் இருந்தால் முன்பே கட்டிவிடுங்கள். ஷபாத்தில் பணத்தைத் தொட மாட்டார்கள்.

நம் கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் இப்படி நடத்த முடியுமா? (அட்லாண்டாவிலிருந்து)

பேச்சு நமக்குப் புதிதா? கம்பன் விழா, திருவாசக விரிவுரை, பட்டிமன்றம் எல்லாம் இருக்கிறது. நான் அங்கிருந்து எடுத்துவர விரும்புவது அந்தத் தாளை மட்டும்தான். ஒரு திருவாய்மொழிப் பாசுரம், அதற்கு ஈடு என்ற பழைய உரையில் உள்ள விளக்கம், இன்னொரு உரைகாரர் மாறுபடும் இடம், இவற்றை அச்சிட்டு எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டுப் பேசிப் பாருங்கள். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். திருக்குறளுக்குப் பரிமேலழகரும் மணக்குடவரும் வேறுபடும் ஒரு குறளில் தொடங்கலாம். ஒரு பக்கம் போதும்.

சனிக்கிழமை எனக்கு ஒரு அமர்வுக்குத்தான் நேரம். எதற்குப் போகட்டும்? (பிரிஸ்டலிலிருந்து)

சாயங்கால மேஜைக்குப் போங்கள். வெள்ளி இரவு உரை பெரிய கூட்டத்துக்கானது, காலைப் பேச்சு நீண்ட எபிரேய வழிபாட்டுக்கு நடுவே வரும். சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர், ரொட்டியும் சாலட்டும், ஒரே ஒரு நூற்பகுதி. அறிஞரும் அப்போது பேச்சாளர் தொனியை விட்டுவிடுவார். அது முடிந்து இருட்டியதும் மெழுகுவர்த்தி, ஒயின், வாசனைப் பொருளோடு ஷபாத்தை வழியனுப்பும் சடங்கு நடக்கும். பத்து நிமிடம், அதற்கும் இருங்கள். போவதற்குமுன் அந்த வாரத் தோரா பகுதியைப் படித்துவிடுங்கள். யூத நூல்களுக்கான செஃபாரியா இணையதளத்தில் மூலமும் ஆங்கிலமும் இலவசம். வருவதை வியாழனுக்குள் அலுவலகத்தில் சொல்லிவிட்டால் உங்களுக்கும் ஒரு தாள் சேர்த்து அச்சிட்டு வைப்பார்கள்.